கடிபடாத பென்சில்

காலை எட்டு மணிக்கு நர்ஸ் ஒரு புதுப் பென்சிலைச் சீவினாள்.

அடிமுனையில் வெள்ளை பிளாஸ்டரை இரண்டு சுற்றுச் சுற்றி, கணவனின் சட்டைப் பையில் செருகினாள்.

கையில் கிடைக்கும் பென்சிலையெல்லாம் கொறிப்பவன் அவன். ஆய்வகத்தில் அவனுக்கு அணில் என்றே பெயர்.

"இதையும் கடிச்சு வைக்காதீங்க. ஏங்க, உங்க லேப்ல பேனாவே கிடையாதா?"

"ஸ்பிரிட் பட்டா மை ஓடிடும். பென்சில் ஓடாது... என்னை மாதிரி."

சிரித்துக்கொண்டே படியிறங்கினான் அணில்.

பதினொன்றரைக்கு போன் அடித்தது.

ரத்த மாதிரி அடைத்த சிறு குழாய்களை உறைய வைக்கும் நைட்ரஜன் அறையில் அவன் பிணமாகக் கிடந்தான்.

வாயு கசிந்து மூச்சு முட்டிய விபத்து என்றார் ஆய்வக இயக்குநர். நான்காம் நாள் கதை மாறியது. தடுப்பூசிப் பரிசோதனையின் ரத்த மாதிரிகளில் குளறுபடி செய்தவன் அணில்தானாம். மாட்டிக்கொள்ளும் பயத்தில் தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டானாம்.

செத்தவன் தலையில் பழி!

நர்ஸ் அழுகையை மென்று விழுங்கினாள். மறுநாள் இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குள் நுழைந்தாள்.

"உட்காரும்மா. உன் மனசு எனக்குப் புரியுது," என்றார் இயக்குநர்.

"நின்னுக்கிட்டே பேசறேன் சார். பரிசோதனைக்கு வந்த நாற்பது பேருக்கும் ஊசி போட்டது நான். ரத்தம் எடுத்ததும் நான்."

இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். சாவதற்கு முந்தின நாள் அணில் சொன்னதையெல்லாம் கொட்டினாள்.

அந்த ஊசியில் இருப்பது வைரஸின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முள் புரதம் மட்டும். ஆகவே ஊசி போட்டுக்கொண்டவர் ரத்தத்தில் முள்ளை எதிர்க்கும் ஆன்டிபாடிதான் இருக்க முடியும். நோயே வந்து பிழைத்தவருக்கோ வைரஸின் உள்புரதத்தை எதிர்ப்பதும் சேர்ந்தே இருக்கும். பரிசோதனைக்கு எடுத்ததெல்லாம் நோய் வராத ஆட்கள். ஆனால் நாற்பது குழாயிலும் இரண்டுமே இருந்தன. ரத்த வகையும் நாற்பதிலும் ஒன்றே!

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். "அப்போ அது யாரோட ரத்தம்மா?"

"இந்த லேப்ல அந்த நோய் வந்து பிழைச்சது ஒரே ஆள்தான் சார்... இவர்."

ஊசி வேலை செய்யவில்லை. அதை மறைக்க, தன் ரத்தத்தையே நாற்பது குழாயில் நிரப்பியிருந்தார் இயக்குநர்.

அவர் முகம் கோணவில்லை.

"சோதிச்சுப் பாருங்க. என் ரத்தம்னே இருக்கட்டும்... கொலைக்கு என்ன சாட்சி? அன்னிக்கு நான் இந்தப் பக்கமே வரல. அவனைக் கடைசியா பார்த்தது முந்தின நாள் சாயங்காலம்."

"அதையே எழுதிக் கொடுத்திடுங்க சார்," என்று வெள்ளைத் தாளை நீட்டினார் இன்ஸ்பெக்டர்.

இயக்குநர் தன் வெள்ளைக் கோட்டுப் பையில் கைவிட்டார். எழுத ஆரம்பித்தார்.

நர்ஸ் அவர் விரலிடுக்கைப் பார்த்தாள். பென்சில்... அடிமுனையில் வெள்ளை பிளாஸ்டர், இரண்டு சுற்று.

நைட்ரஜன் அறைக்கு ஒரு விதி உண்டு. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் கதவருகே நின்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் குறிக்க வேண்டும். உள்ளே போகிறவர் தன் பென்சிலை வெளியே நிற்பவரிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் அங்கே வழக்கம்.

அணிலும் கொடுத்திருக்கிறான். வாங்கியவர் நேரம் குறிக்கவில்லை... கதவைத் தாழிட்டார். கைப்பழக்கத்தில் பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

"நிறுத்துங்க," என்றாள் நர்ஸ். "அந்த பிளாஸ்டரை நான் சுத்தினது அன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு. முந்தின நாள் சாயங்காலம் பார்த்த ஆள் கைக்கு அது எப்படி சார் வந்துச்சு?"

பென்சில் உருண்டு மேஜையில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் அதைக் கைக்குட்டையால் எடுத்தார்.

"நாற்பது பேருக்கு ரத்தம் கொடுத்த வள்ளல் நீங்க... ஒரு பென்சிலைத் திருப்பிக் கொடுக்க மனசு வரலையே சார்!"

நர்ஸ் குனிந்து பார்த்தாள்.

பிளாஸ்டரில் ஒரு பல் தடம்கூட இல்லை.