சாவியை எடுத்த பின்னும்

பல குளிர்காலங்களாக எண்ணெய்த் துணியில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் கிடந்த அந்தக் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் இருந்தது. ஹால்வர் அதைச் சற்றே சாய்த்தபோது அவருடைய விரல்களின்மேல் சில்லென்று வழிந்தது. நாட்பட்ட பெட்ரோலுக்குரிய புளித்த நாற்றம் அதில் இல்லை. அன்று காலையில்தான் ஊற்றியதுபோல் புத்தம் புதிதாக மணத்தது.

"இது வேற," என்று முணுமுணுத்துக்கொண்டே கையைக் கால்சட்டையில் துடைத்தார்.

அன்றைக்கு அவரைப் படுத்திக்கொண்டிருந்த தொல்லைகளோடு இதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. கொட்டகைக்கு வெளியே மொன்டானாச் சமவெளி முழுவதும் பனி பொழிந்து, வேலியும் சாலையும் ஒரே வெள்ளையாய் மறைந்துவிட்டன. உள்ளே அவருடைய பழைய டிரக், பானட்டைத் திறந்துகொண்டு வயிறு கிழிந்த மிருகம்போல் நின்றது. அதன் எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து பீய்ச்சிய கம்ப்யூட்டர் பெட்டி சென்ற வாரம் செத்துப்போயிற்று. அதற்கு மாற்றுப் பெட்டி எந்த ஊரிலும் கிடைக்கவில்லை. ஆகவே இன்ஜெக்டர்களையும் ஒயர்களையும் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்தக் காலத்து முறையில் கார்புரேட்டரை மாட்டிவிடுவது என்று ஹால்வர் தீர்மானித்தார். மறுநாள் காலையில் அவருடைய மனைவி லோர்னாவுக்கு டயாலிசிஸ். ஏற்கெனவே ஒரு முறை தவறிவிட்டது. அவளுடைய கணுக்கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. அந்தப் பனியில் நகரம்வரை போகக்கூடிய வண்டி அவர்களுக்கு இது ஒன்றே.

காலையிலிருந்து ஒன்றும் ஒத்துவரவில்லை. கேஸ்கட் கிழிந்தது. போல்ட்டு உள்ளேயே முறிந்தது. உதிரிப்பாகக் கடை டெல்பர்ட்டிடம் தொலைபேசியில் பேசியபோது அவன் சிரித்தான்.

"என்ன ஹால்வர், உன் கிழட்டு வண்டிக்கு இன்னும் உயிர் வரலையா?"

"கார்புரேட்டருக்கு அடியில வைக்க நீ குடுத்த தட்டு ஓட்டைக்கு நேரா உக்காரவே மாட்டேங்குதுடா. கண்ணை மூடிக்கிட்டா ஓட்டை போட்ட?"

"அரத்தால ராவிப் பாரு. இல்லேன்னா குதிரை வாங்கிக்க. அதுக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம்."

ராவினார். பொருந்திற்று. ஆனால் எஞ்சின் கிளம்பவில்லை. தும்மியது, இருமியது, நீலப் புகையைக் கக்கியது, அடங்கியது. ஸ்பேனரைச் சுவரில் வீசியெறிந்தார்; பிறகு குனிந்து தேடி எடுத்தார்.

கொட்டகையின் பக்கக் கதவு திறந்தது. லோர்னா காப்பியோடு வந்து நின்றாள். அவளுடைய முகம் மெழுகுபோல் மஞ்சளாய் வெளுத்திருந்தது; நோய் வந்த நாளிலிருந்து அதுவே அவளுடைய நிறமாகிவிட்டது. எஞ்சினின் உச்சியில் உட்கார்ந்திருந்ததை அவள் உற்றுப் பார்த்தாள்.

"அது ஆர்னேவோட வண்டியில இருந்ததுதானே?"

"இந்தப் பனியில வேற எங்க போயி வாங்குறது?"

"அந்த வண்டியை அப்படியே நசுக்கக் குடுத்துட்டேன்னு சொன்னியே."

"வண்டியைக் குடுத்தேன். நல்ல சாமானைக் கழட்டிக்காம எவனாவது குடுப்பானா?"

ஆர்னே ஹால்வருடைய அண்ணன். ஒரு பனிப்புயலில் சாலையோரம் வண்டியோடு சிக்கிக்கொண்டார். புயல் ஓய்ந்து தோண்டி எடுத்தபோது, விளையாடிவிட்டு வந்த குழந்தையைப்போல் அவருடைய கன்னங்கள் ரோஜா நிறத்தில் சிவந்திருந்தன. புகைநச்சு என்றார் மருத்துவர். பின்புறப் புகைக்குழாயைப் பனி மூடியிருந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும், உறைந்த ஆவியின் நடுவே, உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்த வட்டம் ஒன்று இருந்தது. ஒருவருக்கும் விளங்காதது வேறொன்று. எஞ்சின் ஓடினால் ஆபத்து என்பதை அறிந்தவர்போல், அவர் சாவியை உருவித் தம் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானும் இட்டிருந்தார். ஆயினும் டாங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் மிச்சமில்லை.

"அதுல நான் ஏறணுமா?" என்றாள் லோர்னா.

"வழக்கம்போல வண்டியைச் சூடாக்கிட்டு ரெண்டு தடவை ஹார்ன் அடிப்பேன். வந்து ஏறு. அவ்வளவுதான்."

"கிளம்பினாத்தானே அடிப்ப," என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குள் போனாள்.

அந்தக் குத்தல் அவருக்கு உறைத்தது. ஆர்னே கற்றுக்கொடுத்த பழைய வித்தை ஒன்று மிச்சமிருந்தது. சாவியைத் திருகி வைத்துவிட்டு முன்பக்கம் வந்து, கார்புரேட்டரின் திறந்த வாயை இடது உள்ளங்கையால் இறுக மூடினார். காற்றை அடைத்தால் எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சித்தான் தீர வேண்டும். வலக்கையால் ஸ்குரூடிரைவரை எடுத்து ஸ்டார்ட்டர் ரிலேயின் இரு முனைகளையும் இணைத்தார். பொறி பறந்தது. எஞ்சின் சுழன்றது, உள்ளங்கைத் தோலைச் சப்பி இழுத்தது, பிறகு ஒரே மூச்சில் பற்றிக்கொண்டு உறுமிற்று.

ஹால்வர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஃபேன்பெல்ட்டை இன்னும் மாட்டவில்லை. ஆகவே அதிக நேரம் ஓடவிடக்கூடாது. ஓட்டுநர் இருக்கைக்குப் போய், எஞ்சினை நிறுத்தச் சாவியைத் திருகினார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் எரிச்சலோடு பெருமூச்சு விட்டார். கார்புரேட்டர் எஞ்சின்கள் சூடேறிய பின் இவ்வாறு அடம்பிடிப்பதுண்டு. உள்ளே கனலும் கரி நாலு தடவை வெடித்துவிட்டு அடங்கும். சாவியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அது அடங்கவில்லை. எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தது.

"எங்கிட்டயேவா?" என்று பல்லைக் கடித்தார். பேட்டரியின் கம்பியைக் கழற்றினார். ஓடிற்று. பெல்ட்டு இல்லாமையால் ஆல்டர்னேட்டரும் சுழலவில்லை. அவ்வண்டியில் இப்போது மின்சாரம் என்பதே கிடையாது. பெட்ரோல் குழாயைப் பிடுங்கினார். குழாய் நுனியிலிருந்து இரண்டு சொட்டு விழுந்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. அதன் ஒலி மட்டும் மாறிற்று. உறுமல் குறைந்து, நீளமாய், ஈரமாய், நெஞ்சடைத்துக் கிடக்கும் ஒருவர் உறக்கத்தில் இழுப்பதுபோல் ஆயிற்று. உள்ளே இழுத்தது. நிறுத்தியது. பிறகு வெளியே விட்டது. அந்த மூச்சில் பெட்ரோலின் மணம் இல்லை. ஆர்னே ஓயாமல் மென்ற புதினாப் புகையிலையின் மணம் இருந்தது.

கொட்டகைக்குள் புகை மண்டிற்று. விளக்கு மஞ்சளாய் மங்கிற்று. இனிக் காற்றை அடைப்பது ஒன்றே வழி. காற்றில்லாமல் எந்த எஞ்சினும் ஓடாது. மறுபடி உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

அது கவ்விக்கொண்டது.

இழுத்துப் பார்த்தார். கை வரவில்லை. தோலுக்கு அடியில் எலும்புவரை சில்லிட்டது. கார்புரேட்டரின் தொண்டைக்குள் ஏதோ ஒன்று, மெதுவாக, அவருடைய உள்ளங்கையைத் துடைத்தது. வட்டமாக. ஒரு முறை. இன்னொரு முறை.

அப்போது ஹார்ன் ஒலித்தது.

இரண்டு தடவை.

பேட்டரிக் கம்பி அவருடைய முழங்காலருகே தொங்கிக்கொண்டிருந்தது.

"வராத!" என்று கத்தினார். "லோர்னா, நான் அடிக்கல! வராத!"

எஞ்சின் உறுமலை உயர்த்தி அவருடைய குரலை விழுங்கிற்று. வீட்டுக் கதவு திறக்கும் ஒலி. பனியில் மெல்லிய செருப்பொலி. பக்கக் கதவின் கிரீச்சல். பானட்டு நிமிர்ந்து நின்று எதையும் பார்க்கவொட்டாமல் மறைத்தது.

"பரவாயில்லையே, கிளப்பிட்டியே," என்றாள் லோர்னா மறுபுறத்திலிருந்து. "ராத்திரியே போயிடலாம்னு சொல்றியா? பனி விடும்போதே போறது நல்லதுதான்."

"ஏறாத!"

"சரி சரி, ஏறிட்டேன். கத்தாத."

அவள் யாருக்குப் பதில் சொல்கிறாள் என்பது அவருக்கு விளங்கவில்லை. வண்டிக் கதவு சாத்தப்படும் ஒலி கேட்டது. வண்டி வலப்பக்கம் லேசாய்த் தாழ்ந்தது.

இழுத்தார். உதைத்தார். தோல் உரியட்டும் என்று இழுத்தார். வரவில்லை.

பிறகு எஞ்சின் நின்றது.

தானாகவே. நிம்மதியாக.

கை விடுபட்டது. உள்ளங்கையின் நடுவே இரத்தமற்ற வெள்ளை வட்டம். கொட்டகையில் ஓசையே இல்லை. பானட்டைத் தாங்கிய கம்பியை விலக்கினார். அது கனத்தது. மெல்ல இறக்கினார்.

முன்கண்ணாடி முழுவதும் உட்புறம் ஆவி படிந்திருந்தது. அதன் வழியே, பக்கத்து இருக்கையில், பெல்ட்டுப் போட்டுக் கைப்பையை மடியில் வைத்தபடி லோர்னா மங்கலாய்த் தெரிந்தாள். தலை ஒருபுறமாய்ச் சாய்ந்திருந்தது. அத்தனை ஆண்டுகளாய் மஞ்சளித்துக் கிடந்த அவளுடைய கன்னங்கள் ரோஜா நிறத்தில் சிவந்திருந்தன.

"லோர்னா."

அவள் அசையவில்லை.

சாவி அவருடைய சட்டைப்பைக்குள்தான் இருந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில், உள்ளிருந்து, ஒரு கை அவசரமில்லாமல் ஆவியைத் துடைத்தது. உள்ளங்கை அகலத்துக்கு. வட்டமாக.