கரையேறிய புள்ளி

விடிந்ததும் பிரகாசி ஹாம் ரேடியோவைத் திறந்து படகுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். பதில் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அவளும் பக்கத்து ஊர் நிலையங்களும் சேர்ந்து கணக்குப் பார்த்து, எந்திரத்தின் திரையில் படகுக்கு ஒரு பச்சைப் புள்ளி வைப்பார்கள். செயற்கைக்கோள்கள் எல்லாம் செத்துப்போன பிறகு, கடலில் யார் எங்கே என்று சொல்ல இந்தப் பொழுதுபோக்கு வானொலிக்காரர்களை விட்டால் நாதியில்லை. ஒரு நிலையம் கேட்டதை அடுத்த நிலையம் வாங்கி அனுப்பும். மறுபரப்பு என்று அதற்குப் பெயர். மணப்பாட்டின் மறுபரப்பு நிலையம் பிரகாசியின் வீட்டு மாடிதான்.

பேச்சு நின்றுபோன படகுக்குப் பச்சை போய், வெறும் வட்டம் மிஞ்சும். அதுதான் வெற்றுப்புள்ளி. கடைசியாகப் போன திசையில், கடைசி வேகத்தில், எந்திரம் அதை நகர்த்திக்கொண்டே இருக்கும். கடலில் வெற்றுப்புள்ளி இருக்கும்வரை பக்கத்துக் கரைக்காரர்கள் தேடியே ஆக வேண்டும் என்பது சட்டம். அதை அழிக்க எந்திரத்துக்கு உரிமையில்லை. வீட்டு ஆள் யாராவது மைக்கில் "போதும்" என்று சொல்ல வேண்டும். எத்தனையோ பெண்களின் கையில் பிரகாசியே மைக்கைத் திணித்து, சொல்லிரு தாயி என்று முதுகைத் தடவியிருக்கிறாள்.

இப்போது திரையிலிருந்த ஒரே வெற்றுப்புள்ளி அவள் புருஷன் இஞ்ஞாசியுடையது. எஞ்சின் நின்று, படகு ஊர்ப்பக்கம் மெல்ல ஒதுங்கிக்கொண்டிருந்தபோது அவன் குரல் அறுந்தது. அதனால் புள்ளி நத்தை வேகத்தில் வீட்டை நோக்கியே வந்தது. கொழுந்தன் தொம்மையும் கூட்டாளிகளும் தொழிலை விட்டுவிட்டுத் தினமும் அதைச் சுற்றி அலைந்தார்கள். ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

புள்ளி கரை தொட்ட அன்று தொம்மை மாடியேறி வந்தான். அது மணலைக் கடந்தது, கோயில் முற்றத்தைக் கடந்தது. எந்திரத்துக்குக் கடலென்ன, தரையென்ன, எல்லாம் ஒன்றுதான். தெருவுக்குள் வந்ததும் பிரகாசி கீழே போய் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தாள். அவளுக்கே அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

"மதினி, அண்ணன் நம்ம வீட்டுக்குள்ள இருக்கும்போதே சொல்லிருங்க. வேற எடத்துல வேண்டாம்," என்றான் தொம்மை.

அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். மைக்கைப் பிடித்தாள். கீழே அடுப்படியில் இஞ்ஞாசி நிற்கிறான் என்று தோன்றியது. வந்து நிற்கிறவனைப் போய்ப் போதும் என்று எப்படிச் சொல்வது? புள்ளி பின்சுவரைத் தாண்டிப் போய்விட்டது.

தரையில் போகிற புள்ளியைத் தேட யாருக்கும் கடமையில்லை. அதனால் யாரும் அவளை நெருக்கவில்லை. உள்நாட்டு நிலையங்கள் அதை வாங்கி வாங்கி அனுப்பின. ராதாபுரத்துக்காரர், காற்றாலைகளுக்கு நடுவே உங்கள் வீட்டுக்காரர் போகிறார், மழை இல்லை என்றார். பிரகாசி கதவு திறந்த கதையைக் கேட்டு, வழியிலிருந்த வீடுகளிலும் திறந்து வைத்தார்களாம். நாகர்கோவிலிலும் அப்படியே. தினமும் காலையில் படகுகளோடு சேர்த்து அவனையும் விசாரித்தாள். சந்தோஷமாகக்கூட இருந்தாள். தொம்மைக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒருநாள் மேற்குக் கரையிலிருந்து குளச்சல் நிலையத்து ஜஸ்டஸ் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டான்.

"அக்கா, இன்னும் கொஞ்ச நேரத்துல புள்ளி கடல்ல எறங்கிரும். எறங்கினா எங்க பயலுவ தேடப் போவணும். இங்க கடல் கொந்தளிச்சுக் கெடக்கு."

மேற்கேயும் ஒரு கடல் உண்டு என்பது அவளுக்குத் தெரியாததில்லை, நினைக்காமல் இருந்துவிட்டாள். குளச்சலில் முகம் தெரியாத பெண்கள் சிலர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணில் வந்தது. சொந்த வீட்டில் நிறுத்தாமல், மனுஷனை அந்நியக் கரை வரைக்கும் நடக்க விட்டுவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"இப்ப அவுக எங்க நிக்காவ, தம்பி?"

"கடைசி வீட்டுல, அக்கா. அதுக்கப்புறம் மணல்தான்."

"யாரு வீடு?"

"எங்க வீடுதான். கதவத் தொறந்து வச்சிருக்கேன்."

பிரகாசி "போதும்" என்றாள்.

வட்டம் அணைந்தது. புள்ளி வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து சாத்தாமலே கிடந்த வாசல் கதவைச் சாத்தக் கீழே இறங்கினாள். அடுப்படியில் யாரும் இல்லை.