முரசறைவோன் தலையசைத்தான்

மேற்கு மலைகளுக்குப் பின்னால் கதிரவன் இறங்கி, கிழக்கே பனங்காட்டின் தலைக்கு மேல் முழுநிலவு எழுந்துகொண்டிருந்த அந்தி நாழிகையில், செம்மணியாறு காண்போர் மனத்தை மயக்கும் கோலத்தோடு கிடந்தது. கோடை முற்றியிருந்தபடியால் அகன்ற ஆற்றில் பெரும்பகுதி வெண்மணல்தான்; நடுவே மட்டும் முழங்காலளவு நீர் சலசலத்து ஓட, அதன்மேல் செவ்வானத்தின் கடைசிச் சிவப்பும் நிலவின் முதல் வெண்மையும் ஒன்றோடொன்று கலந்து மிதந்தன. வடகரையில் நெடுங்கல் மலை இருண்டு நின்றது. தென்கரையில் கோட்டை மதிலின் அடிவரை நாணற்புதர்கள் காற்றில் அசைந்தன. இவ்வளவு அழகும் கோட்டையின் முரசு மாடத்தில் நின்ற ஒருவனுக்கு மட்டும் வேம்பாகக் கசந்தது. அந்த நாணலுக்குள் அறுபது வில்லாளிகள் குப்புறப் படுத்திருப்பதை அவன் அறிவான்.

அன்பார்ந்த வாசகர்களே, அவன் பெயர் ஐயாறன். நெடுங்கல் நாட்டு முரசறைவோன். அரசர் ஆணையை ஊர் ஊராகச் சென்று முரசறைந்து கூறுவது ஐந்து தலைமுறையாக அவன் குடிக்கு உரிய பணி. அந்த ஐந்து தலைமுறையில் ஒருவரும் ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. ஆகவே அந்தக் குடியின் குரலுக்கு நாட்டில் ஒரு மதிப்பு இருந்தது.

அரசர் அரிகண்டராயர் சொல்லுக்கோ அந்த மதிப்பு எப்போதோ போய்விட்டது. கோட்டைக்கு ஆறு மதில்கள் இருந்தன. பகைவர் எவரும் முதல் மதிலைக்கூடத் தொட்டதில்லை. எனினும் தம் குடிகளைக் கண்டே அஞ்சத் தொடங்கிவிட்ட மன்னருக்கு ஏழாவது மதில் ஒன்று தேவைப்பட்டது. வீட்டுக்கு ஓர் ஆண்மகன் கல் சுமக்க வரவேண்டும் என்று ஆணை பிறந்தது. சென்றவன் திரும்பியது அரிது. சுவருக்கும் காதுண்டு என்பது மற்ற நாடுகளில் பழமொழி. நெடுங்கல் நாட்டிலோ அது அரசாங்க ஏற்பாடு. ஒருவன் காணாமற்போனால், அப்படி ஒருவன் அந்தத் தெருவில் குடியிருந்ததே தங்களுக்குத் தெரியாது என்று அண்டைவீட்டார் சாதித்தார்கள். தாய்மார் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் முன் பேசாதிருக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், பயந்தவர்கள்.

பயத்தையும் மீறிய சிலர் குடும்பத்தோடு மலையேறி ஒளிந்தார்கள். வேறு சிலர் ஏழு ஊர்களுக்கு நடுவே கிடந்த ஏழூர்க் காட்டுக்குள் புகுந்தார்கள். அவர்களைப் பிடிக்கப் போன படை இருமுறை வெறுங்கையோடு திரும்பிய பின்புதான் அரிகண்டராயர் முரசறைவோனை அழைத்தார். அன்று காலை நாடெங்கும் ஐயாறன் குரல் ஒலித்தது. மதில் வேலை நிறுத்தப்பட்டது. ஓடிப்போனவர் அனைவரும் மன்னிக்கப்பட்டனர். மலையில் உள்ளோர் இன்று நிலவெழும் வேளையிலும், ஏழூர்க் காட்டில் உள்ளோர் நாளை உதயத்திலும் வந்து அரசரைப் பணியலாம். இதுவே அறிவிப்பு.

அது முழுப்பொய் என்பது ஐயாறனுக்குத் தெரியும். "அவர்கள் நடு ஆற்றுக்கு வந்ததும் வரவேற்பு முரசை முழக்கு. வில்லாளிகளுக்கு அதுவே அடையாளம்" என்று அரசரே அவனிடம் விடியற்காலையில் சொல்லியிருந்தார்.

நண்பகலில் ஆற்றுத்துறையில் முரசை இறக்கிவைத்து அவன் இளைப்பாறியபோது தத்தை எதிரே வந்து நின்றாள். அவனுக்கென்று பேசி முடித்திருந்த பெண் அவள். அவளுடைய அண்ணன் காரி மலைக்கு ஓடிய நாளிலிருந்து அந்தத் திருமணப் பேச்சை இரு வீட்டாரும் எடுக்கவில்லை.

"அரசர் சொன்னதைச் சொன்னீர், கேட்டேன். எங்கள் ஊரில் அதைக் கைக்குழந்தையும் நம்பாது. நீர் நம்புகிறீரா? அதைச் சொல்லும்" என்றாள்.

"முரசறைவோனுக்குச் சொந்தச் சொல் கிடையாது, தத்தை."

"பெயர்தான் எனக்குத் தத்தை. சொன்னதைச் சொல்லும் கிளி என்னவோ நீர்தாம்" என்று சிரித்தவளின் கண்கள் உடனே கலங்கின. "மலையில் நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். அண்ணன் குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். வாயால் சொல்ல முடியாவிட்டால் தலையையாவது அசையும். நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன்."

அவளுக்குப் பத்தடி பின்னால் படைத்தலைவன் மழவராயன் மீசையை நீவிக்கொண்டு இவர்களையே பார்த்திருந்தான். இல்லை என்று தலை அசைந்தால் அந்தத் தலை தோளில் நிற்காது. ஐயாறன் ஆம் என்று அசைத்தான். வாசகர்களே, அவனை ஏசத்தான் வேண்டும். அந்த இடத்தில் நம்மை ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டு ஏசுவோம்.

இப்போது, இதோ, நிலவொளியில் வடகரை மணலில் ஒரு வரிசை இறங்குகிறது. கிழவர்கள், பெண்கள், தலையில் மூட்டை சுமந்த ஆண்கள். எல்லோருக்கும் முன்னால் தோளில் ஒரு குழந்தையைச் சாய்த்துக்கொண்டு வருபவள் யாரென்று ஐயாறனுக்கு நடையிலேயே தெரிந்தது.

"உன் அருமை இத்தனை நாள் எமக்குத் தெரியாமல் போயிற்றே, ஐயாறா!" என்றார் பக்கத்தில் நின்ற அரிகண்டராயர், உண்மையாகவே மகிழ்ந்து. "எம் ஓலைக்கு வராதவர்கள் உன் தலையசைப்புக்கு வருகிறார்கள். மழவராயன் எல்லாம் சொன்னான். நாளை ஏழூரார் வந்த பிறகு உனக்குப் பொற்பூ அணிவிப்போம்."

அந்தப் பாராட்டு ஐயாறன் நெஞ்சைச் சுட்டது. கொல்லப்போவது வில்லாளிகள் என்று அந்தக் கணம்வரை தனக்குத்தானே அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அது பொய் என்று இப்போது விளங்கியது. ஐந்து தலைமுறையார் சேர்த்துவைத்த நம்பிக்கையைத் தூண்டில் புழுவாக்கி ஆற்றில் எறிந்தவன் அவனேதான். அவன் வெட்கினான். உயிரோடு நிற்பதற்கே வெட்கினான்.

வரிசை நீரில் கால் வைத்தது.

"அடி" என்றார் அரசர்.

ஐயாறன் அடித்தான். ஆனால் அது வரவேற்பு முரசு அன்று. மூச்சுவிடாமல் மூன்று அடி, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று அடி. வெள்ளப்பறை! செம்மணியாற்று மக்கள் அதைக் கேட்டால் கண்ணை நம்பமாட்டார்கள், காதைத்தான் நம்புவார்கள். மேற்கே மலையில் மழை கொட்டினால், இங்கே வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கையிலேயே பனையளவு நீர் பாய்ந்து வரும். கேட்டவுடன் ஓடாதவன் பிழைத்ததில்லை. பொய்யாக வெள்ளப்பறை அறைந்தவனை யானைக் காலில் இடுவது அந்நாட்டுச் சட்டம்.

நடு ஆற்றில் நின்ற வரிசை ஒரு கணம் திகைத்தது. மறுகணம் மூட்டைகளை எறிந்துவிட்டு வடகரை மேட்டை நோக்கித் தலைதெறிக்க ஓடியது. அதைவிட வியப்பு தென்கரையில் நடந்தது. நாணலுக்குள் பதுங்கியிருந்த அறுபது வில்லாளிகளும் வில்லைப் போட்டது போட்டபடி எழுந்து கோட்டை மேட்டை நோக்கி ஓடினார்கள். அவர்களும் அந்த ஆற்றங்கரையில் பிறந்தவர்கள்தாமே! "வெள்ளம் எங்கேயடா வருகிறது? நில்லுங்கள்!" என்று மழவராயன் கத்தியது எவர் காதிலும் விழவில்லை. திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடிய மலைமக்கள், நாணலிலிருந்து வீரர்கள் கிளம்பியதை நிலவில் தெளிவாகக் கண்டார்கள். எதற்காக அழைக்கப்பட்டோம் என்பது அப்போது அவர்களுக்குப் புரிந்தது.

அரிகண்டராயரின் வாள் உறையிலிருந்து வெளிவந்தது. "வெள்ளம் எங்கே?" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"காலையில் அடியேன்தான் திறந்துவிட்டேன், பிரபு. இப்போதுதான் அடைத்தேன்" என்றான் ஐயாறன். வாள் இறங்குவதற்குள், முரசைக் காவலர்மீது உருட்டிவிட்டு மாடத்தின் விளிம்பைத் தாண்டிக் கீழே கோடையிலும் வற்றாதிருந்த மடுவில் குதித்தான். நீந்தி, மணலில் ஓடி, மீண்டும் நீரில் விழுந்து எழுந்தான். வில்லைத் தேடி எடுத்துக்கொண்ட சிலர் எய்த அம்புகளுள் ஒன்று அவன் தோளைக் கிழித்தது. அவன் நிற்கவில்லை.

வடகரைப் பாறைகளின் மறைவில் அவனை முதலில் தழுவிக்கொண்டவன் காரிதான். "எங்கள் உயிரைக் காத்தீர், ஐயாறரே. உம்மையும் அல்லவா அந்தப் பாவி ஏமாற்றியிருக்கிறான்! கடைசி நேரத்தில்தானே தெரிந்துகொண்டீர்?"

ஆம் என்று சொல்லிவிட்டால் போதும். அந்த நாற்பத்து மூன்று பேரும் அவனைத் தோளில் தூக்கியிருப்பார்கள். தத்தை மட்டும் குழந்தையின் முதுகைத் தடவியபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துறையில் தலையசைத்தபோது உமக்குத் தெரியுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"தெரியும்" என்றான் ஐயாறன்.

காரியின் கைகள் அவனைவிட்டு நழுவி இடையிலிருந்த குறுவாளுக்குச் சென்றன. தத்தை அண்ணனின் மணிக்கட்டைப் பற்றினாள்.

"இப்போது கொல்லாதே, அண்ணா. இவர் வேண்டும்" என்றாள். பிறகு ஐயாறனிடம் திரும்பினாள். "வர மறுத்தவர்களை எல்லாம் நான் கெஞ்சி அழைத்து வந்தேன். உம் தலையின் மேல் ஆணையிட்டு அழைத்து வந்தேன். அது உமக்குத் தெரியட்டும். ஏழூர்க் காட்டில் இன்னும் நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். விடிந்ததும் இறங்கிவிடுவார்கள். உம் தலையசைப்பு அங்கேயும் எட்டிவிட்டது. நான் போய்த் தடுத்தால், முரசறைவோரே தலையசைத்தாராமே என்பார்கள்."

ஐயாறன் குனிந்து ஈரமணலில் கை வைத்தான். "இந்த ஆற்றின் மேல் ஆணை. அரசர் பொய் சொன்னார் என்று சொல்லித் தப்பிக்கமாட்டேன். தெரிந்தே நான் பொய் சொன்னேன் என்று ஏழூர்க் காட்டிலும், அதைச் சுற்றிய ஏழு ஊர்களில் கதவு கதவாகவும் சொல்வேன். அதன் பிறகு அவர்கள் என்னை என்ன செய்தாலும் சரி."

"கதவைத் திறக்கமாட்டார்கள். நாங்கள் அப்படிப் பழகிவிட்டோம். வாசலில் நின்றே சொல்லும்" என்ற தத்தை, குழந்தையை அண்ணன் தோளுக்கு மாற்றிவிட்டுச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நீயும் வருகிறாயா?" என்று கேட்டான் ஐயாறன். அவன் குரலில் ஆசை தெரிந்துவிட்டது.

"துணைக்கு அல்ல" என்றாள் தத்தை. "நீர் சொல்வதைக் கேட்பதற்கு."