கேட்குதுன்னா கையை அழுத்து

பச்சைத் துணிக்கு வெளியே நீண்டு கிடந்த வலது கையில் கட்டைவிரல் மட்டும் நகர்ந்தது. நகர்ந்து, சுட்டுவிரலின் அடிக்கணுவைத் தொட்டது. கொஞ்சம் பொறுத்து, நடுக்கணுவை. மயக்க டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்தக் கை அவர் மனைவியுடையது.

ஆஸ்பத்திரியில் அவருக்குத் தூக்கக்காரர் என்று பட்டப்பெயர். சும்மா சொல்லக்கூடாது, தொழிலில் மனுஷர் கெட்டி. தசையை முடக்குகிற மருந்து ஏறிவிட்டால் படுத்திருப்பவரால் இமையைக்கூட அசைக்க முடியாது. உள்ளே விழித்துக்கொண்டாலும் சொல்ல வழியில்லை. அதனால் அவரிடம் ஒரு பழக்கம். மருந்து ஏறும் முன்பே ஒரு கையில் பட்டையை இறுக்கிக் கட்டி ரத்தத்தைத் தடுத்துவிடுவார். மருந்து அந்தக் கைக்குப் போகாது. பிறகு காதோரம் குனிந்து, "கேட்குதுன்னா கையை அழுத்துங்க" என்பார். இத்தனை வருஷத்தில் ஒரு கையும் அழுத்தியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

"மயக்கம் போட்டா நான் எங்க போவேன்?" பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காக முந்தின நாள் பையில் துணி அடுக்கிக்கொண்டே அவள் கேட்டிருந்தாள்.

"எங்கேயும் போக மாட்ட. நீங்கிறதே அப்போ இருக்காது. ஃபேனை நிறுத்தினா காத்து எங்க போச்சுன்னு கேட்பியா?"

"சாமி கூட இருப்பாரு இல்ல?"

"இருந்துட்டுப் போகட்டும். உனக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"அப்போ நீங்களே போடுங்க. வேற யாரை நம்பியும் நான் கண்ணை மூட மாட்டேன்."

தன் சொந்தக்காரர்களுக்கு மயக்கம் கொடுக்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியாததா என்ன. பெருமை விடவில்லை. "உனக்கு ஒண்ணுமே தெரியாது, நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

இப்போது தியேட்டரில் சதை கருகும் வாடை சுருள் சுருளாக எழுந்து ஸ்பிரிட் நெடியோடு கலந்து முகமூடிக்குள் புகுந்தது. மூச்சு இயந்திரம் ஏறி இறங்கும் பெருமூச்சுக்கு நடுவே உறிஞ்சு குழாய் எதையோ கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. விளக்கின் வட்டத்துக்கு வெளியே, அவர் நிழல் விழுந்த இடத்தில், பட்டை கட்டிய கையின் கட்டைவிரல் சுட்டுவிரலை முடித்துவிட்டு நடுவிரலுக்குத் தாவியது. கணுவைத் தொட்டுத் தொட்டுச் சாமி பேரைச் சொல்வது அவள் காலை வழக்கம். அவள் ஜபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

மயக்க வாயுவின் அளவை ஏற்றினார். மானிட்டர் திரையைப் பார்த்தார். ஆழ்ந்த தூக்கம் என்றது திரை. நாடி ஏறவில்லை. எல்லாம் சரியாக இருந்தது, விரலைத் தவிர.

காதோரம் குனிந்தார். "கேட்குதுன்னா கையை அழுத்தும்மா."

கை அவர் விரல்களைப் பிடித்து அழுத்தியது.

"வலிக்குதா?"

பிடி நடுங்கியது. விடவில்லை.

"என்ன சார், வீட்ல பேசுறது பத்தலையா?" என்றார் சர்ஜன், நிமிராமலே.

"கை அசையுது. கொஞ்சம் நிறுத்துங்க."

"வெறும் நரம்புத் துடிப்புன்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லுவீங்க? ரத்தக்குழாயைப் பிடிச்சு வெச்சிருக்கேன் சார். இப்போ நிறுத்தினா ஆள் போயிடும்."

வாயுவை இன்னும் ஏற்றினார். வேறு மருந்தும் கொடுத்தார். விரல் நிற்கவில்லை. கடைசியில் ஒரு சின்னக் குப்பியை உடைத்தார். மறக்கடிக்கும் மருந்து. இனி நடப்பது எதுவும் அவள் மனதில் தங்காது. நினைவில் இல்லாதது நடக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். மாணவர்களுக்கு அவர் வாய் ஓயாமல் சொல்கிற பாடம். ஊசியை ஏற்றினார்.

கட்டைவிரல் மோதிரவிரலின் நடுக்கணு வரை வந்தது. அங்கேயே நின்றது. அடுத்த கணுவுக்குப் போகவில்லை.

அவள் சாமியைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் கை அவருடைய ஒற்றை விரலைப் பிடித்துக்கொண்டது. கடைசித் தையல் வரை.

வார்டில் கண் விழித்ததும் அவள் சிரித்தாள். "அதுக்குள்ள முடிஞ்சுதா? நல்லா தூங்கினேங்க. ஒண்ணுமே தெரியலை." அவருக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து அழுதார்.

வீட்டுக்கு வந்தபின் அவள் ஜபம் பண்ணவில்லை. உடம்பு தேறட்டும் என்று அவர் சும்மா இருந்தார். தேறியும் பண்ணவில்லை.

"என்னம்மா, சாமியோட சண்டையா?"

"தோணலைங்க. கூப்பிட்டா அங்க யாரும் இல்லைன்னு ஒரு நினைப்பு. எங்கேர்ந்து வந்துச்சோ."

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் சோபாவிலேயே கண்ணயர்ந்தாள். ஜன்னல் திரை வெயிலில் மஞ்சளாக உப்பித் தணிந்தது. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மெல்லிய குறட்டை, சீராக, இயந்திரம் மூச்சு விடுவது போல. வலது கை சோபாவுக்கு வெளியே தொங்கியது. கட்டைவிரல் மோதிரவிரலின் நடுக்கணுவில் இருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்தார். கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தார்.

"கேட்குதா?"

கை அவர் விரலைப் பிடித்து அழுத்தியது. குறட்டை மாறவில்லை.

"வலிக்குதா?"

அழுத்தியது.

வார்டில் சிரித்து எழுந்தவள் தூங்கியவள். தியேட்டரில் தூங்காமல் கிடந்தவள்? அவள் அந்த மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"ஆபரேஷன் முடிஞ்சிருச்சும்மா. வீட்டுக்கு வந்துட்டோம். எல்லாம் முடிஞ்சிருச்சு."

கை நடுங்கியது. நம்பவில்லை. அல்லது அங்கே எதுவும் முடியவில்லை. விரலை உருவப் பார்த்தார். வரவில்லை.

குறட்டை நின்றது. மனைவி கண் திறந்து, தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னங்க இது, கையைப் பிடிச்சுக்கிட்டு? விடுங்க, டீ போடணும்."

"நான் பிடிக்கலை."

அவள் தன் கையைப் பார்த்தாள். இடது கையால் அதன் சுண்டுவிரலைப் பிரித்தாள். பிரித்துவிட்டு மோதிரவிரலுக்குப் போனபோது, சுண்டுவிரல் மறுபடி மூடிக்கொண்டது.

"ஏன் இப்படி முழிக்கிறீங்க?" என்றாள். சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது. "எனக்கு எங்கேயும் வலிக்கலையே."

கை இன்னும் இறுக்கி அழுத்தியது.