குளிர வைத்த விளக்கு

“வீட்டை எரிச்சவ நான்தானாம் அங்கிள். பெத்த பிள்ளைகிட்டயே என்னை அண்ட விட மாட்றாங்க.”

அலோர் காஜாவில், ரெஜினால்டின் சின்னத் துப்பறியும் அலுவலகத்தில் உட்கார்ந்து இதைச் சொன்ன பவானேஸ்வரி அழவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்த உதவியாளர் ராகினிக்குத்தான் ரத்தம் கொதித்தது.

டுரியான் துங்காலில் மாமியார் வீட்டில்தான் அவள் குடும்பம். வெள்ளிக்கிழமை பூஜை முடித்து அவள் கடைக்குப் போயிருந்தபோது முன்கூடம் பற்றிக்கொண்டது. வீட்டிலிருந்த மகள் தேவிஸ்ரீ கை வெந்து மருத்துவமனையில் கிடக்கிறாள். தீயணைப்புத் துறையான பொம்பாவின் அறிக்கை இன்னும் வரவில்லை. ஆனால் மாமியார் ராஜம்மாவின் தீர்ப்பு அன்றைக்கே வந்துவிட்டது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அந்த வீட்டுக்கு மருமகள்.

“கூடத்துல வேற என்னம்மா இருந்துச்சு?” ரெஜினால்ட் நிதானமாகக் கேட்டார்.

“சாமி மேடை. பக்கத்துல கொழுந்தன் தினேஷ்வரனோட கேட்டரிங் ஃப்ரீசர், ஸ்டீமர். ரெண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல. முன்ன அடிக்கடி பியூஸ் போயிடும். அவருதான் என்னமோ செஞ்சு சரி பண்ணிட்டாரு. அப்புறம் தொல்லையே இல்ல.”

“தொல்லையே இல்லை,” என்று ரெஜினால்ட் மெல்லத் திருப்பிச் சொன்னார்.

அன்று மாலையே மூவரும் போனார்கள். முன்கூடம் கரி பிடித்துக் கிடந்தது. பின்னறைகளுக்கு மட்டும் மின்சாரம் திரும்பியிருந்தது. ராஜம்மா தன் அறையில் கெட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டு வந்து, மருமகளைக் கண்டதும் வெடித்தாள்.

“விளக்கை எரிய விட்டுட்டு ஊர் சுத்தப் போனவ! இந்தாங்கய்யா, குடும்பத்தை எரிச்ச விளக்கு.” பிளாஸ்டிக் பையில் பத்திரப்படுத்திய பித்தளை விளக்கை நீட்டினாள்.

“நான் பார்த்தேன் லா,” என்றான் தினேஷ்வரன். “விளக்கு எரிஞ்சுகிட்டு இருந்துச்சு. சாமி மேடைத் திரை அதுலதான் பத்துச்சு.”

ரெஜினால்ட் விளக்கை ராகினியிடம் கொடுத்தார். “நான் சர்ச்சுக்குப் போறவன். உள்ள என்னமோ ஒட்டியிருக்கு. என்னன்னு நீ சொல்லு.”

ராகினி குனிந்து பார்த்தாள். திரி முகப்பில் இல்லை. குழியின் அடியில் கிடந்தது. அதன்மேல் கருகிய ஒரு பூ.

“சார், விளக்கை ஊதி அணைக்க மாட்டோம். திரியைப் பூவால எண்ணெய்க்குள்ள இழுத்துக் குளிர வைப்போம். அக்கா குளிர வச்சிட்டுத்தான் போயிருக்காங்க!” அவள் தினேஷ்வரன் பக்கம் திரும்பினாள். “எரியாத விளக்கு உங்க கண்ணுக்கு மட்டும் எப்படி எரிஞ்சுச்சு?”



ரெஜினால்ட் மேடையைக் காட்டினார். “பலகை மேல லேசாத்தான் கருகியிருக்கு. அடியிலதான் வெந்து போயிருக்கு. விளக்கு இருந்தது மேல, எக்ஸ்டென்ஷன் ஓடினது கீழ.” சுவரோடு உருகிக் கிடந்த பிளக்கைக் கழற்றித் திறந்தார். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் இரும்புத் துண்டு ஒன்று இருந்தது. “வெட்டின ஆணி. வயர் தாங்காத அளவு கரண்ட் ஓடினா பியூஸ் உருகி கரண்டை நிறுத்தும். ஆணி உருகாது. வயர்தான் எரியும்.”

“கோழியெல்லாம் கெட்டுப் போகுதேன்னுதான்...” தினேஷ்வரன் முணுமுணுத்தான். “சின்ன ஆணிதானே, எல்லாரும் செய்றதுதானே.”

ராகினிக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. ஒரு பிள்ளையின் கை வெந்திருக்கிறது, இவன் கோழியைப் பற்றிப் பேசுகிறான். பழியைத் தூக்கி அண்ணி தலையில் போட்டுவிட்டு இத்தனை நாள் நிம்மதியாகச் சாப்பிட்டும் இருக்கிறான்.

ரெஜினால்டின் குரல் முதல்முறையாகக் கடுத்தது. “இதுல கூர்முனை இருக்கு, தலை இல்ல. தலைப் பாதி எங்க?”

தினேஷ்வரனின் பார்வை தாயின் அறைப் பக்கம் போனது. “அம்மா... கெட்டில் பிளக்ல.”

உள்ளே தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. ராஜம்மா அசையாமல் நின்றாள். பவானேஸ்வரிதான் விறுவிறுவென்று போய்ச் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினாள். வெளியே வந்து அதை மாமியாரின் கையில் வைத்தாள்.

“நான் என் பிள்ளையைப் பார்க்கப் போறேன் அத்தை. இப்ப யார் தடுக்கிறீங்கன்னு பார்க்கிறேன்.”

யாரும் தடுக்கவில்லை.