இருட்டில் நான்காவது ஜோடி

காட்சி மூன்று மணிக்கு. அவனும் மனைவியும் அரங்கின் பின்வாசலுக்கு வந்தபோது தெருவில் நல்ல வெயில். உள்ளே கால் வைத்ததும் அது கத்தரித்ததுபோல் அறுந்தது. பழைய கட்டடம். ஜன்னல் இல்லாத நடை. ஈரப் பலகை வாசனை, முகப்பவுடர் வாசனை. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அவன் டிரம்ஸ் வாசிப்பவன். குழுவில் அவனுக்கு அதுவே பெயர். அவள் ஆடுபவள்.

நிகழ்ச்சி, காதல் கதைகளின் கோவை. பேச்சு கிடையாது. பழைய அமெரிக்க ஸ்விங் இசையும் ஜோடி ஆட்டமும்தான். நான்கு ஜோடிகள். கடைசிக் கதைக்கு முன்னால் ஓர் இருட்டு வரும். எல்லா விளக்கும் அணையும். மற்ற வாத்தியங்கள் நிற்கும். டிரம்ஸ் மட்டும் கம்பிப் பிரஷ்ஷால் தோலைத் தேய்த்துக்கொண்டிருப்பான். ஆண்கள் வட்டமாக நிற்க, பெண்கள் ஒருவன் கையிலிருந்து அடுத்தவன் கைக்குப் போவார்கள். கண்ணுக்கு வேலை இல்லை. பிடிக்க ஆள் இருக்கும் என்று நம்பிக் கையை நீட்ட வேண்டும். ஒவ்வொருத்தியும் சுற்றி முடித்துத் தன் ஜோடியிடம் சேர்ந்ததும் அவன் சிம்பலை, அந்தப் பித்தளைத் தட்டை, அடிப்பான். விளக்கு வரும்.

எப்போது அடிப்பது என்பது அவன் காதுக்கு மட்டும் தெரியும். காலணிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவான்.

"இருட்டுல என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க." மேடை ஏறும் முன் அவள் எப்போதும் சொல்வது.

"எப்படிப் போறது? வீட்டுச் சாவி உன்கிட்டதானே இருக்கு." இது அவன்.

அன்று அவள் அதைச் சொல்லவில்லை.

அவளுடைய ஜோடியாக ஆடியவனை எல்லாரும் ஆமை என்பார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளோடு ஆடியவன். நல்ல உயரம், நல்ல கை, எல்லாவற்றிலும் அரை மூச்சு தாமதம். வலது காலணியின் குதியில் அடித்த இரும்பு லாடம் தளர்ந்திருந்தது. எல்லார் காலும் இறங்கிய பிறகு அது ஒற்றையாகக் கேட்கும். டிக்.

"டேய் ஆமை, நீ செத்தாக்கூட எல்லாரும் அழுது முடிச்சப்புறம்தான்டா சாவே," என்று டிரம்ஸ் சீண்டுவான்.

"சீக்கிரம் போய் என்ன பண்ணப்போறோம்?" என்பான் ஆமை.

போன மாதம் இதே மேடையின் வலது ஓரத்தில், திரைக்குப் பின்னால், தன் முறைக்காகக் காத்திருந்த ஆமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். யாரும் பார்க்கவில்லை. விளக்குகள் அணைந்தன. ஆட்டம் நடந்தது. சிம்பல் விழுந்து வெளிச்சம் வந்தபோது அவள் மட்டும் கையை நீட்டியபடி தனியாக நின்றாள்.

செத்தவனுக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. இயக்குநர் அம்மாள் எல்லாருக்கும் அக்கா. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அவன் இடத்தைக் காலியாவே விடுங்க. அங்க வர்றவ, ஆள் இருக்கிற மாதிரியே கையை வெச்சுக்கிட்டு ஆடட்டும். வராதவனுக்காகக் காத்திருக்கா. அதுவும் காதல்தானே?"

"பாக்க நல்லாவா இருக்கும், அக்கா?" என்றான் டிரம்ஸ்.

"இருட்டுல யாரு பாக்கப்போறா, தம்பி?"

எல்லாரும் சிரித்தார்கள். நீட்டிய கையைப் பிடிப்பதுதான் ஆமையின் தொழில் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அன்று இருட்டு வந்தது. பிரஷ் சுழன்றது. பாவாடைகள் காற்றை விசிறின. அவன் காதில் எல்லாரும் தெளிவாக இருந்தார்கள். மூன்று ஆண்கள். நான்கு பெண்கள். வேறு யாரும் இல்லை.

எல்லார் காலும் இறங்கின.

டிக்.

பலகை நெளிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். சிம்பலை அடித்தான். காலி இடத்தில் அவன் மனைவி கண் மூடி நின்றாள். வலது கை உயரத்தில், எதையோ பிடித்தபடி. அவள் முதுகில் சாட்டின் துணி ஓர் அகலமான கை அளவுக்குக் கசங்கியிருந்தது.

உடை மாற்றும் அறையில் குட்டை என்ற ஆட்டக்காரி ஆண்களைப் பார்த்துக் கேட்டாள். "காலி இடத்துல யாருப்பா புகுந்தது? நல்லாத்தான் சுத்துனீங்க. கை மட்டும் ஐஸ் கட்டி."

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவன் மனைவி குனிந்து காலணி வாரை அவிழ்த்தாள்.

அதன் பிறகு வீட்டிலும் அவள் தாமதமானாள். கூப்பிட்டால் பதில் வரும், அரை மூச்சு கழித்து. கதவு சாத்திய பிறகு திரும்பிப் பார்ப்பாள். அவன் சிரித்து ஓய்ந்த பிறகு சிரிப்பாள். படுக்கையில் அவள் வலது கை தூக்கத்திலும் உயர்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தான். குளிர்ந்திருந்தது.

"அவனா?" என்று ஒருநாள் கேட்டான்.

அரை மூச்சு.

"நீட்டின கையை யாராவது பிடிக்கணுமில்ல."

"நான் இருக்கேனே."

அரை மூச்சு.

"நீங்க அந்தக் கோடியில உக்காந்திருக்கீங்க. ரெண்டு கையிலயும் பிரஷ்."

அவன் அக்காவிடம் போனான். "அந்த இருட்டை எடுத்துடலாம், அக்கா."

"வர்றவங்க அதைப் பத்திதான் பேசுறாங்க. என்ன தம்பி, பொறாமையா? காத்து மேலயா?"

அடுத்த காட்சியில் இருட்டு கனமாக இறங்கியது. பிரஷ்ஷின் சத்தம் தோலை விட்டு எழும்ப மறுத்தது. பெண்கள் கை மாறினார்கள். இடது கால் லேசாக இழுபடும் அவள் காலணியை மட்டும் அவன் பின்தொடர்ந்தான். முதல் கை. இரண்டாவது கை. மூன்றாவது கைக்குப் போக வேண்டியவள் காலி இடத்துக்குத் திரும்பினாள்.

டிக்.

அவள் காலடி நின்றது.

டிக்.

லாடம் மட்டும் கேட்டது. முன்பைவிடப் பாரமாக. ஒருவரைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பாரம்.

டிக்.

வலது ஓரத்தை நோக்கிப் போனது. ஆமை உட்கார்ந்த இடத்துக்கு.

சுற்று முடியவில்லை. அவன் கையில் இருந்த எல்லாப் பலத்தோடும் சிம்பலை அடித்தான்.

வெளிச்சம். மற்ற பெண்கள் வேறு யார் யார் கையிலோ விழித்துக்கொண்டு நின்றார்கள். அவள் திரையோரத்தில் மல்லாந்து சாய்ந்திருந்தாள். கால்விரல் நுனி மட்டும் தரையில். அந்தச் சாய்மானத்தில் எந்த உடம்பும் நிற்காது. அவள் நின்றாள். கைகள் ஒரு கழுத்தின் உயரத்தில் கோத்திருந்தன. முகத்தில் சிரிப்பு.

கூட்டம் கைதட்டியது.

அவள் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். அரை மூச்சு தாமதமாக அவள் சிரிப்பு போனது.

பிறகு விழுந்தாள். பின்னந்தலை பலகையில் பட்ட சத்தம் எந்தத் தாளத்திலும் சேரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்காமலே போய்விட்டாள். கடைசிவரை வலது கையை மட்டும் யாராலும் மடக்க முடியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அக்கா வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மத்தவங்க பொழப்பையும் பாக்கணுமே தம்பி. இருட்டை எடுத்துடுறேன். மூணு ஜோடியா சின்ன வட்டமா போட்டுக்கலாம். நீ வர வேண்டாம், வேற ஆள் பாத்துக்கறேன்."

"நான் வர்றேன்," என்றான். "இருட்டு இருக்கட்டும். வட்டத்தைச் சின்னதாக்காதீங்க. அந்த இடம் அப்படியே இருக்கட்டும்."

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார். சரி என்றார்.

மறுபடியும் மூன்று மணிக் காட்சி. மறுபடியும் அதே வெயில், அதே பின்வாசல். வீட்டுச் சாவி இப்போது அவன் சட்டைப் பையில். அவளுடைய காலணிகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தான்.

விளக்குகள் அணைந்தன.

அவன் பிரஷ்ஷைச் சுழற்றினான். மூன்று ஆண்கள். மூன்று பெண்கள். பாவாடை விசிறும் சத்தம். யாரோ இருமினார்கள்.

எல்லார் காலும் இறங்கின.

டிக்.

அதோடு சேர்ந்து, ஒட்டிக்கொண்டு, இன்னொரு ஜோடிக் கால். மெல்லிய தோல் அடி. இடது கால் லேசாக இழுபடும். அதை அவன் கூட்டத்திலும் கண்டுபிடிப்பான்.

இரண்டும் அரை மூச்சு தாமதம். இரண்டும் ஒரே மாதிரி தாமதம்.

சுற்று முடிந்தது. மூன்று பெண்களும் அவரவர் ஜோடியிடம் வந்து நின்றார்கள். சிம்பலுக்காகக் காத்திருந்தார்கள்.

அவன் அடிக்கவில்லை.

பிரஷ் சுழன்றது. அந்த இரண்டு பேரும் ஆடினார்கள்.

"தம்பி," ஓரத்திலிருந்து அக்காவின் ரகசியக் குரல். "அடி."

பிரஷ் சுழன்றது.

"அடிடா! என்ன பண்றே?"

குட்டை இருட்டில் அழ ஆரம்பித்தாள். கூட்டத்தில் நாற்காலிகள் முனகின. லாடம் வலது ஓரத்தில் நின்றது. மெல்லிய காலடி மட்டும் வட்டத்தை விட்டு விலகி, பலகை பலகையாக, அவன் இருந்த கோடிக்கு வந்தது. டிரம்முக்கு முன்னால் நின்றது. முகப்பவுடர் வாசனை. அதற்கு அடியில் ஈரப் பலகை வாசனை.

அவன் ஒரு கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தான். கையை இருட்டுக்குள் நீட்டினான்.

"சாவி என்கிட்ட இருக்கு," என்றான். "வீட்டுக்குப் போலாமா?"