ஞாயிற்றுக்கிழமை வாடை

சனிக்கிழமை, காலை பதினொரு மணி. தன்னிடமிருந்து மூன்று மாதங்கள் திருட்டுப் போயிருப்பது தங்கைக்குத் தெரிந்தது அப்போதுதான்.

"வைட்டமின் டி ஏறவே இல்லையேம்மா," என்றார் மருத்துவர். "சினைப்பையில நீர்க்கட்டி இருக்கறவங்களுக்கு இது குறையறது சகஜம். ஏத்தினா மட்டும் குழந்தை தங்கிடும்னு சொல்லமாட்டேன். ஆனா இதைச் சரி பண்ணிட்டுத்தான் அடுத்த கட்டம். அப்ப உங்க கணவருக்கும் பரிசோதனை உண்டு. வயசு காத்திருக்காது. மூணு மாசமா வாராவாரம் மாத்திரையை ஒழுங்கா போட்டீங்களா?"

"ஒரு வாரம்கூட விடல, டாக்டர்."

அவர் நம்பவில்லை.

கூட வந்திருந்த அக்கா காவல் ஆய்வாளர். தங்கை வீட்டுக்குத் திரும்பியதும் சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்தாள். மேசையில் தண்ணீர்க் கூஜா, தங்கையின் மாத்திரை அட்டை, இதயத்துக்கு நல்லதென்று கணவன் விழுங்கும் மீன் எண்ணெய் மாத்திரைக் குப்பி.

மாமியார் முந்திக்கொண்டார். "என்னைப் பாக்காதே. மாத்திரை சூடுன்னு ஆயிரம் தடவை சொன்னேன், இல்லேங்கல. ஆனா நானா இருந்தா குப்பையில வீசிட்டு, வீசினேன்னு தெருவுக்கே சொல்லியிருப்பேன்."

தெருவே அதற்குச் சாட்சி.

"யாரு எடுத்துக் குடுப்பா?" என்றாள் அக்கா.

"அவர்தான்," என்றாள் தங்கை. "ஞாயித்துக்கிழமை காலைல சாப்பிட்டதும் உள்ளங்கையில வெப்பார். கல்யாண நாளையே மறக்கற மனுஷன், இதை மறந்ததே இல்ல."

கணவன் சிரித்தான். "சில உடம்புல ஒட்டாதுக்கா. விடுங்க."

"போட்டா ஏதாச்சும் தொந்தரவு?" என்று தங்கையிடம் கேட்டாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. மத்தியானம் வரைக்கும் ஏப்பத்துல மீன் வாடை. இந்த மாத்திரையே அப்படித்தான்னார்."

அக்கா அந்த அட்டையைக் கையில் எடுத்தாள். பிறகு ஒரு மாத்திரையைப் பிதுக்கி, ஊக்கால் குத்தி, மாமியாரிடம் நீட்டினாள்.

"மோந்து பாருங்கம்மா."

"ஒரு வாடையும் இல்லையே."

குப்பியிலிருந்து ஒன்றைக் குத்தினாள். மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டும் ஒரே மஞ்சள், ஒரே வழவழப்பு," என்றாள் அக்கா. "அட்டையிலேர்ந்து பிதுக்கினது உங்க சட்டைப் பைக்கு, குப்பியிலேர்ந்து எடுத்தது இவ வாய்க்கு. கண்ணை ஏமாத்திட்டீங்க மாப்பிள்ளை. ஏப்பத்தை மறந்துட்டீங்க."

"எதுக்குங்க?" என்றாள் தங்கை.

அக்காதான் சொன்னாள். "உனக்கு ஏறிட்டா அடுத்தது இவரோட பரிசோதனை."

"இவகிட்ட குறை இருக்கற வரைக்கும்..." என்று தொடங்கினான் அவன். "என்கிட்ட யாரும் தேடமாட்டாங்கன்னு..."

கூஜாவின் நிழல் மேசையில் மெல்ல நகர்ந்தது.

மறுநாள் காலை தங்கை தானே மாத்திரையைப் பிதுக்கி விழுங்கினாள். மத்தியானம் வரை ஜன்னலருகே காத்திருந்தாள். ஏப்பம் வந்தது. எந்த வாடையும் இல்லை.

அப்போதுதான் அழுதாள்.